ஆட்டுத் தொட்டியில் ஆறு மோலிகள்

கடைசி மீனும் செத்து மிதந்த காலையில் உமையாளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மணி ஆறே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் கத்தாரிலிருந்து அவள் புருசன் மாரிச்செல்வம் வீடியோ காலில் வந்துவிடுவான். பொண்டாட்டி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்கிற ஆள் இல்லை அவன். "குளத்தக் காட்டு" என்பதுதான் முதல் வார்த்தை.

குளம் என்றால் ஊர்க் குளம் இல்லை. வீட்டு முன்னால், முருங்கை மரத்துக்கும் செம்பருத்திக்கும் நடுவில், ஆறடி நீளம் நாலடி அகலத்தில் நீல டைல்ஸ் ஒட்டிக் கட்டிய தோட்டத்துக் குளம். இரண்டடி ஆழம். நடுவில் ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைக் குடை மாதிரி விரித்துவிடும். மாரிச்செல்வம் பதினோரு வருடமாக ஓர் அரபி வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அந்த வீட்டு மீன் குளம் அவன் பொறுப்பு. ஆரஞ்சும் வெள்ளையுமாக முழங்கை நீளத்துக்குக் கோய் மீன்கள். அவன் கையைத் தண்ணீரில் வைத்தால் வந்து விரலைக் கவ்வுமாம். அதே மாதிரி நம் வீட்டிலும் வேண்டும் என்று போன சித்திரையில் லீவுக்கு வந்தவன், முப்பது நாள் கொத்தனாரை விரட்டிக் கட்டி முடித்து, கிளம்புகிற அன்றைக்கு எட்டு மீனை விட்டுவிட்டுப் போனான். அவன் போய் இறங்குவதற்குள் மூன்று மிதந்துவிட்டன. மற்ற ஐந்தும் நாலாம் நாள்.

"தீனி அள்ளிப் போட்டியா? மோட்டார நிறுத்துனியா? என்னத்தப் பண்ணித் தொலச்ச?" என்று அவன் அங்கிருந்து குதித்தான். மிளகாய்க் காட்டையும் பதினாலு ஆட்டையும் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டு, மகளை மதுரையில் காலேஜில் படிக்கவைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? உமையாள் பொறுமையாகத்தான் சொன்னாள். இந்த ஊர் போர்த் தண்ணி உப்பு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, இதில் அந்த மீன் நிற்காது என்றாள். அதற்கு அவன் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான்.

"அப்ப நல்ல தண்ணி விடு."

கத்தாரில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். இங்கே நல்ல தண்ணி என்றால் தெருமுக்குக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். ஒன்றுவிட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் வரும். வீட்டுக்கு வீடு நாலு சக்கரத் தள்ளுவண்டி, ஒரு முறைக்கு ஒரு வண்டி, வண்டிக்குப் பத்துக் குடம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள். போர்த் தண்ணீரை ஒரு சொம்பு நீட்டினால் வந்தவர் மறுபடி அந்த வாசலை மிதிக்கமாட்டார். உமையாளும் மீன் விஷயத்தில் அந்தக் கணக்கில்தான் இருந்தாள். எங்கிருந்தோ வந்த மீன், அதற்குப் போய் உப்புத் தண்ணியா?

ஆக, குடிக்க வைத்ததில் மிச்சம் பிடித்து, தன் முறைக்கு வந்ததில் பாதியைக் கொட்டி, மூன்று வாரமாகக் குளத்தை நிரப்பினாள். குழாயடியில் பிச்சையம்மாள் வண்டிக்குக் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மனுசன் குடிக்கவே தொண்ட காயுது. நீ மீனுக்குல்ல கொண்டுபோயி ஊத்துற?"

"எம் முறைக்குத்தான புடிக்கிறேன் அக்கா."

"முறையாம் முறை. அந்த மீனையும் கூட்டியா, வரிசையில நிக்கட்டும்."

குழாயடி மொத்தமும் சிரித்தது. உமையாள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். இவ்வளவையும் பட்டு, கீழக்கரைக்குப் போய் எட்டு மீன் வாங்கி வந்து, மூன்றாவது வாரம் முடிந்த நேற்றுச் சாயங்காலம், அன்றைக்குப் பிடித்த புதுத் தண்ணீரையும் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டு மீனை விட்டாள். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கைத் துளைத்தது. சுத்தமான தண்ணி அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விடிந்து பார்த்தால் எட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

போன் அடித்தது.

"எட்டுமா?" என்றான் மாரிச்செல்வம்.

"எட்டும்."

"இங்க நாப்பது மீனு கெடக்கு. வருசத்துக்கு ஒண்ணு சாகும், ரெண்டு சாகும். நீ ஒரே நாளுல எட்டக் காலி பண்ணிருக்க."

"நல்ல தண்ணி விடச் சொன்னது நீங்க."

"விடத்தான சொன்னேன். கொல்லவா சொன்னேன்?"

அவள் பதில் சொல்லுமுன் போனை வைத்துவிட்டான். அதுதான் அவனிடம் அவளுக்குத் தாங்காதது. குளம் போனால் போகட்டும், மீன் போனால் போகட்டும். பதினோரு வருடமாக இந்த வீட்டையும் காட்டையும் கட்டிக் காக்கிறவள் ஒரு விஷயம் சொன்னால், அதை ஒரே ஒரு தடவை அந்த மனுசன் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். பெரிதாக எதையும் கேட்கவில்லை அவள். ஆனால் அந்த ஒன்று கிடைப்பதாக இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இருளாண்டி எட்டிப் பார்த்தான். மாரிச்செல்வத்தின் சித்தப்பா மகன். மதினியைக் கிண்டல் பண்ண முறை இருக்கிறது என்பதற்காகவே பிறந்தவன் போலப் பேசுவான்.

"என்ன மதினி, இன்னைக்கும் மீனா?"

"ஓங்க அண்ணன்கிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு உமையாள் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மறுநாளே ஒரு தண்ணீர் பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ராமநாதபுரத்தில் இறங்கி, அங்கிருந்து கீழக்கரைக்கு இன்னொரு பஸ். கீழக்கரையில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். ஆளில்லாத பெரிய ஹாலில் கண்ணாடித் தொட்டியாவது அசையட்டும் என்று மீன் வாங்குகிற வீடுகள் அங்கே நிறைய. அவர்களை நம்பித்தான் நெய்னா முகம்மது கடை போட்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, முட்டிவரை நனைந்த கைலி.

"இப்பத்தான கொண்டுபோனிய? அதுக்குள்ள போச்சா?" என்றார்.

"போச்சு பாய். நல்ல தண்ணிலதான் விட்டேன். காவிரித் தண்ணி."

"அப்படியேவா? வெயில்ல வைக்காமலா?"

"ஆமா."

நெய்னா முகம்மது நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அதுல போடுற மருந்து நமக்குத்தான் தங்கச்சி நல்லது, மீனுக்கு வெசம். ரெண்டு நா தொறந்த டிரம்முல வெயில் காயணும். முத தடவ செத்தது வேற. புதுச் சிமெண்டுல காரம் எறங்கிருக்கும். வாழத்தண்ட வெட்டிப் போட்டு, பத்து நா ஊறவச்சு, கழுவி ஊத்திட்டுல்ல விடணும்."

உமையாள் பாட்டிலை நீட்டினாள். அவர் மூடியில் கொஞ்சம் ஊற்றி, நுனி நாக்கில் வைத்து, திரும்பித் துப்பினார்.

"இது ஓங்க வீட்டுப் போரா? கடலு பக்கமா?"

"இல்ல பாய், உள்ள. கடலு இருக்கு பத்து மைல்."

"கடலுக்கு ஓங்க வீட்ட நல்லாத் தெரிஞ்சிருக்கு. இந்தத் தண்ணில கோய் எப்பவும் நிக்காது, அத விட்டுருங்க. ஓங்ககிட்டக் காச வாங்கிக்கிட்டு நான் பொய் சொல்லக்கூடாது, அல்லா பாத்துக்கிட்டுருக்கான்." அவர் ஒரு மூலைத் தொட்டியைக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத கறுப்பு மீன்கள், வெல்வெட்டில் வெட்டிப் போட்டமாதிரி அலைந்தன. "மோலி. உப்புத் தண்ணின்னா இதுக்குச் சந்தோசம். முட்ட கெடையாது, குட்டி போடும். ஆறு கொண்டுபோனா ஆறு மாசத்துல ஊருக்கே குடுக்கலாம்."

உமையாள் வாய் வலிக்கச் சொன்னதை, மீன் தெரிந்த ஒரு மனிதர் சொல்கிறார். கடையில் நின்றபடியே போன் போட்டாள்.

"இந்தாருங்க, பாய் என்ன சொல்றாருன்னா, நம்ம தண்ணிக்கு மோலின்னு ஒரு மீனு..."

"மோலியா? குப்பைத் தொட்டி கணக்கா கருகருன்னு கெடக்குமே, அதுவா? டைல்ஸு போட்டுக் கட்டிருக்கேன், அதுல அத விடுவியா? நாலு பேரு வந்து பாத்தா காறித் துப்பமாட்டான்?"

"அது நிக்கும்ங்குறாரு. நம்ம போர்த் தண்ணியிலயே."

"நான் பதினோரு வருசம் மீனோட கெடக்குறேன். கடக்காரன் எனக்குச் சொல்லித் தாரானா? கோய் வாங்கு."

"ஒரு நிமிசம் நான் சொல்றதக்..."

வைத்துவிட்டான். நெய்னா முகம்மது காதில் விழாதவர் போலத் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். உமையாள் எட்டுக் கோய் மீன் கேட்டாள். அவர் பிடித்துப் போட்டார். கட்டுகிற நேரத்தில் அவளே சொன்னாள்: "அந்தக் கறுப்புல ஆறு. தனிக் கவருல குடுங்க."

இந்தத் தடவை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கோய் மீன்களைக் கடைத் தண்ணீரோடு ஒரு டிரம்மில் போட்டுவைத்துவிட்டு, பிளீச்சிங் தண்ணீரை இறைத்து, வாழைத்தண்டு ஊறப்போட்டு, கழுவி, வெயிலில் காய்ந்த காவிரித் தண்ணீரைத்தான் குளத்தில் விட்டாள். பத்தொன்பது நாள் மீன்கள் குளத்தில் நின்றன. மாரிச்செல்வம் காலையில் போனில் பார்த்துவிட்டு, "ம்" என்றான். அந்த ஒரு 'ம்'முக்கு அவள் சந்தோசப்பட்டாள் என்பது இப்போது நினைத்தாலும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். இருபதாம் நாள் எங்கோ குழாய் உடைந்து இரண்டு வாரம் காவிரித் தண்ணீர் வரவில்லை. ஆடிக் காற்றில் குளத்துத் தண்ணீர் பாதியாக வற்றியது. வேறு வழியில்லாமல் போரைத் திறந்துவிட்டாள். மூன்று நாளில் எட்டும் போயின.

"இனி நான் வந்து பாத்துக்கிறேன். நீ எதையும் தொடாத" என்றான் மாரிச்செல்வம்.

எதையும் தொடாதே. அந்த வார்த்தை அவளுக்கு மற்ற எல்லாத் திட்டையும்விட வலித்தது. மிளகாய்ச் செடி தொடுகிறாள், ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிறாள், கரண்டு பீஸ் போனால் அவளே போடுகிறாள். ஆறடிக் குளத்தை அவள் தொடக்கூடாதாம்.

அந்த ஆறு மோலியை வாங்கிவந்த அன்றைக்கே அவள் முன்பக்கக் குளத்தில் விடாமல் ஒதுக்கிவிட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை ஓரத்தில், ஆடு தண்ணீர் குடிக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, கவரை அவிழ்த்துக் கவிழ்த்தாள். வாழைத்தண்டும் கிடையாது, வெயிலில் காயவைப்பதும் கிடையாது. ஆறும் அடிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வந்து பாசியைக் கொத்தின. ஆடுகள் வாய் வைத்தால் விலகின. ஆடு போனதும் திரும்பி வந்தன. ஒரு மாதத்தில் கடுகு கடுகாகக் குட்டிகள். ஐப்பசியில் எண்ணுவதை விட்டுவிட்டாள். கொசுப்புழு ஒன்றுகூட அந்தத் தொட்டியில் தங்கவில்லை.

குளம் காலியாகத்தான் கிடந்தது. பத்து மோலியை அள்ளி அதில் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சில நாள் தோன்றும். ஆனால் காலையில் போன் வருமே. அவன் பார்த்ததும் கத்துவான், இவள் விளக்குவாள், அவன் வைத்துவிடுவான். அதற்குள் அவளுக்கும் ஒரு வீம்பு ஏறியிருந்தது. அவன் வாயால் கேட்கட்டும், அதுவரை இது ஆட்டுத் தொட்டி. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் இன்னொரு தடவை போனில் ஆரம்பித்துப் பார்த்தாள். "நான்தான் வாரேன்ல" என்று அவன் முடித்துவிட்டான்.

தை பிறந்த வாரம் மாரிச்செல்வம் வந்து இறங்கினான். இரண்டு பெட்டி, ஒன்றில் பாதிக்குமேல் மீன் சாமான். மருந்து பாட்டில், வலை, நுரை வைத்த வடிகட்டி. மறுநாளே கீழக்கரைக்குத் தனியாகப் போய் எட்டுக் கோய் வாங்கி வந்தான், முன்னைவிடப் பெரியதாக.

"பாய் எதுவும் சொன்னாரா?" என்றாள் உமையாள்.

"அந்தாளு எல்லார்ட்டயும் ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான்."

தண்ணீர் பிடிக்கத் தள்ளுவண்டியையும் அவனே எடுத்துக்கொண்டு போனான். குழாயடியில் பிச்சையம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுத் தம்பியா இருந்தாலும் பத்துக் குடம்தான்" என்று சொல்லிவிட்டாளாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு முறை தள்ளி இருபது குடம் சேர்ந்தது. டிரம்மில் அவள் வைத்திருந்ததையும் சேர்த்துப் பாதிக் குளம் ஆனது. அதோடு அவன் பொறுமை போய்விட்டது. போர் சுவிட்சைப் போடப் போனான்.

"அது வேணாம்ங்க. உப்பு."

"பாதிக்குப் பாதி கலந்தா ஒண்ணும் ஆகாது. மருந்தும் ஊத்துறேன். எனக்குத் தெரியும்."

முதல் இரண்டு நாள் மீன்கள் நன்றாகத்தான் ஓடின. மாரிச்செல்வம் குளத்து விளிம்பில் உட்கார்ந்து தீனி போட்டான். இருளாண்டி வேலியைச் சுற்றி உள்ளேயே வந்துவிட்டான்.

"அண்ணன் கை பட்டதும் எப்படி நிக்கிது பாருங்க மதினி."

"கைராசின்னு ஒண்ணு இருக்குல்லடா" என்றான் மாரிச்செல்வம். "சும்மா தண்ணிய ஊத்துனா போதுமா? கவனிப்பு வேணும்."

அவள் காப்பி டம்ளர்களோடு நின்றிருந்தாள். இந்த மீன்கள் பிழைத்துக்கொண்டால், எட்டு மாதமாகச் செத்ததெல்லாம் அவளால்தான் என்று ஆகிவிடும். மகள் வரைக்கும் அப்படித்தான் நினைப்பாள். செத்துத் தொலையட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். சொன்ன உடனே ஒரு மீன் வாயைத் திறந்து மேலே வர, அதுகள் என்ன பாவம் பண்ணின என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மீன் சாய்ந்து நீந்தியது. மாரிச்செல்வம் மருந்தைக் கூட்டினான். நாலாம் நாள் நாலு போயின. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளத்துக்குள்ளேயே இறங்கி, மீதியை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, தண்ணீரில் முன்னும் பின்னும் அசைத்து மூச்சு விடவைக்கப் பார்த்தான். அவனுக்கு வேலை தெரியும் என்பதை அப்போதுதான் அவள் கண்ணால் பார்த்தாள். தெரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் எட்டாவது மீனுக்கும் அவன் கையிலேயே மூச்சு நின்றுபோனது. போனில் திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. பொண்டாட்டி எதிரில் நின்றாள், அவன் அவளைப் பார்க்கவில்லை.

எட்டு மாதமாக அவள் ஒரு பேச்சைச் சேர்த்துவைத்திருந்தாள். அதை எடுக்காமல், அடுப்பில் உலை வைத்திருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

மாரிச்செல்வம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்க வேலி ஓரம் குழி வெட்டி மீன்களைப் புதைத்தான். வந்த நாளிலிருந்து அவன் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போகவில்லை, புதுச் செருப்பு. இப்போது கையெல்லாம் சேறு. பக்கத்தில் தண்ணீர் இருந்தது ஆட்டுத் தொட்டியில்தான். குனிந்து கையை விட்டான். கறுப்பாக ஒரு கூட்டம் சிதறி, திரும்பக் கூடியது.

உமையாள் சமையல்கட்டு ஜன்னலில் பார்த்தாள். அவன் கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தான். அவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன இது?" என்றான்.

"மோலி."

"எந்தத் தண்ணி?"

"போர்த் தண்ணி. மருந்து கிருந்து ஒண்ணும் போடல."

அவன் விரலில் ஒட்டியிருந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். ஒரு மீன் வயிறு புடைத்து மெல்ல நகர்ந்தது. "இது இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போடும்" என்றான், தன்னை அறியாமல். பிறகு கேட்டான். "எத்தன வாங்கிட்டு வந்த?"

"ஆறு."

தொட்டியில் நூறுக்குமேல் இருந்தன. அவன் எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். கடையில நின்னே சொன்னேன். நீங்க போன வச்சிட்டீங்க."

மாரிச்செல்வம் நிமிரவில்லை. ஓர் ஆடு வந்து அவன் தோளை முட்டி, தொட்டியில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போனது. மீன்கள் விலகிக் கூடின. அவன் எழுந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பழைய குரலில் சொன்னான்.

"சரி. அம்பத அள்ளிக் குளத்துல விடு."

உமையாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விடுன்னு சொல்லாதீங்க" என்றாள். "விடலாமான்னு கேளுங்க."

அவள் கத்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த இருளாண்டி தலையை இழுத்துக்கொண்டான். மாரிச்செல்வம் அவளைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டான். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று அவள் நின்றாள்.

"விடலாமா?" என்றான், பாதி வாயில்.

உள்ளே உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உமையாள் உள்ளே போனாள்.